தலை ரவுண்டா போன போல்ட், கை போகாத எடம்: ஹெட்ட எறக்குறதுக்கு முன்னால

தம்பி, ஒங்க கேள்விய ஒரு தடவ சுருக்கிச் சொல்லிக்கிடுதேன், மத்தவங்களும் வாசிப்பாங்கல்லா. பழைய சின்ன பெட்ரோல் கார், 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணிக்குள்ள நின்ன வண்டி. தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல (கூலண்ட் ஓட்டத்த தொறந்து மூடுத வால்வு உக்காந்திருக்க கூடு) கூலண்ட் கசியுதுன்னு கழத்தப் போனீங்க, ரெண்டு போல்ட்ல முன்னால உள்ளது வந்துட்டு, பின்னால உள்ள, 12 நம்பர் ஸ்பானர் போடுத போல்ட் தலை ரவுண்டா போயிட்டு. அதுக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினுக்கும் ஆள் உக்காருத எடத்துக்கும் குறுக்க உள்ள தகரச் சுவரு) நடுவுல உள்ளங்கை அகலம்தான் எடம். ஒர்க் ஷாப்ல ஹெட்டயே, அதாவது எஞ்சினோட மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டயே எறக்கணும்ங்காங்க, வேற வழி இருக்கான்னு கேக்குதீங்க.

இருக்கு. ஹெட்ட எறக்குறது கடைசி வழி, அதுக்கு முன்னால செய்ய வேண்டியது நெறைய இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு சொல்லுதேன், இத மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா பாதி சோலி முடிஞ்ச மாதிரி: இப்ப அந்த போல்ட்ட தொடாதீங்க. மொதல்ல எடத்த பண்ணுங்க. இடுக்குல இருக்குத போல்ட் ரவுண்டா போறதுக்கு பெரும்பாலும் துரு மட்டும் காரணம் இல்ல, ஸ்பானர் நேரா, முழுசா, தலையோட அடி வரைக்கும் உக்காரல, அதுதான் காரணம். அரைகொறையா மாட்டுன ஸ்பானர வச்சு கைக்கு எட்டுன பக்கம் இழுத்தா மூலை போகத்தான் செய்யும். அதே எடஞ்சல்லயே இன்னொரு டூல வச்சாலும் அதேதான் நடக்கும்.

ஏன் இப்படி புடிச்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எந்த வைத்தியம்னு தெரியும். ஹவுசிங்கும் ஹெட்டும் அலுமினியம், போல்ட் இரும்பு. ரெண்டு வேற வேற உலோகம் ஒட்டி இருந்து நடுவுல உப்புத்தண்ணி நின்னா, அலுமினியம்தான் மொதல்ல அரிக்கும், அரிச்சது வெள்ளப் பொடியா மாறி முன்ன இருந்தத விட கூட எடத்த அடைச்சிக்கிட்டு போல்ட்ட நெருக்கும். நம்ம பக்கம் இதுக்கு மூணு வழியில தீனி கெடைக்குது. ஒண்ணு கடக்காத்து, உவரி, கூடங்குளம், திசையன்விளை பக்கம் ஓடுத வண்டில போல்ட் தலைய பாத்தாலே தெரியும். ரெண்டு அந்த வெள்ளம், டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன அந்த மழைதான், அதுல முங்குன வண்டிகள்ல சேறும் தண்ணியும் போல்ட் ஓட்டைக்குள்ள போயி உக்காந்துட்டு, மேல கழுவுனது மட்டும் தான் போச்சு. மூணாவது தான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ரேடியேட்டர்ல போர் தண்ணிய ஊத்துறது. ராதாபுரம், சாத்தான்குளம் பக்கம் போர் தண்ணி வாயில வச்சாலே உப்பு, அத ஊத்தி ஓட்டுன வண்டில தெர்மோஸ்டாட் போல்ட் சும்மா வந்தாத்தான் ஆச்சரியம். தாமிரவருணி தண்ணி நல்ல தண்ணின்னாலும் அதுலயும் துரு தடுக்குத மருந்து கெடையாதே.

இன்னொண்ணும் கவனிங்க. இந்த போல்ட் ரெண்டு எடத்துல புடிக்கும். மரைக்குள்ள ஒரு புடி, ஹவுசிங்கோட ஓட்டைக்குள்ள தண்டச் சுத்தி இன்னொரு புடி. நெறைய பேரு மரை மட்டுந்தான் புடிச்சிருக்குன்னு நெனச்சு முறுக்குதாங்க. உண்மைல தண்டச் சுத்தி இருக்குத வெள்ளப் பொடி தான் பல நேரம் மோசமான எதிரி. இது பின்னால ஒதவும்.

சரி, எடம் பண்ணுறது. எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். பேட்டரில நெகட்டிவ மொதல்ல கழத்துங்க, பொறவு பாசிட்டிவ், பொறவு பேட்டரியையே தூக்கி வெளிய வச்சிருங்க, அது உக்காந்திருக்க தட்டு போல்ட்ல தான் இருக்கும், அதையும் எடுங்க. ஏர் ஃபில்டர் டப்பா, அதுல இருந்து வார குழாய், ரெண்டும் போகட்டும். போல்ட் ஃபயர்வால் பக்கம்னு சொல்லுதீங்க, அப்போ வைப்பர் கையையும் அதுக்கு அடியில இருக்குத பிளாஸ்டிக் மூடியையும் (கவுல்னு சொல்லுவாங்க) எடுத்துப் பாருங்க, மேல இருந்து நேரா கை எறங்க எம்புட்டு எடம் கெடைக்கும்னு அத எடுத்தவங்களுக்குத் தான் தெரியும், முக்காவாசி பேரு அத தொடவே மாட்டாங்க. கூலண்ட ரேடியேட்டர் அடியில இருந்து ஒரு தட்டுல வடிச்சிருங்க, அந்த தட்ட மூடி வைங்க, கூலண்ட் இனிப்பா இருக்கும், நாயி ஆடு நக்கிட்டுன்னா செத்துப்போகும். ஹவுசிங்ல வந்து சேருத ஓஸையும் கழத்தி ஒதுக்கிருங்க.

இவ்வளவுக்குப் பொறவும் எடம் பத்தலன்னா எஞ்சினையே கொஞ்சம் சாய்க்கலாம். ஆயில் சம்புக்கு அடியில ஒரு நல்ல பலக, அதுக்கு அடியில ஜாக்கி, எஞ்சின் வெயிட்ட ஜாக்கி தாங்குனதுக்கு அப்புறம் ஒரு பக்கத்து மவுண்டிங் போல்ட்ட மட்டும் எடுத்துட்டு ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஏத்துறது எறக்குறது. சைலன்சர் பைப்பும் ஓஸும் இழுபடுதான்னு பாத்துக்கிட்டே பைய செய்யணும். அந்த ரெண்டு சென்டிமீட்டர்ல சாக்கெட்டும் ராட்செட்டும் நேரா உக்காருத எடம் கெடச்சிரும். கழத்துறதுக்கு முன்னால எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, ஒவ்வொரு பார்ட்டோட போல்ட்டையும் தனித்தனி டம்ளர்ல போடுங்க. இதுக்கெல்லாம் ஒரு மணி நேரம் ஒன்றர மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஹெட்ட எறக்கி ஏத்துத கூலிக்கும் கேஸ்கெட்டுக்கும் முன்னால அது ஒண்ணுமே இல்ல.

பாக்குறதுக்கு போன் கேமராவயும் சின்ன டார்ச்சையும் வச்சுக்கோங்க. முகம் பாக்குத கண்ணாடி வச்சுப் பாத்தீங்கன்னா சுத்துத திசை தலைகீழா தெரியும், போன்ல முன்பக்க கேமராவும் அப்படித்தான் காட்டும். பின்னால இருந்து கைய விட்டு வேல செய்யும்போது இதுல கொழம்பி, கழத்துறதுக்குப் பதிலா முடுக்கி ஒடைச்சவங்க உண்டு. போல்ட் தலைய நேருக்கு நேரா பாத்தா ஆன்ட்டி கிளாக்தான் கழறும். பக்கத்துல ஒரு டேப்ப ஒட்டி அம்புக்குறி போட்டு வச்சிருங்க.

இப்ப டூலு. நம்ம ஊர்ல எல்லார் பெட்டியிலயும் இருக்குதது பன்னெண்டு மூல ரிங் ஸ்பானர். அது 30 டிகிரிக்கு ஒருக்க மாத்தி மாட்டலாம், எடஞ்சல்ல வசதி, அதுக்காகத்தான் எல்லாரும் வச்சிருக்காங்க. ஆனா அது தலையோட மூலைலதான் அழுத்தும், மூல லேசா தேஞ்சிருந்தாலும் வழுக்கிரும். ஆறு மூல சாக்கெட் மூலைய விட்டு கொஞ்சம் உள்ள தள்ளி தட்டையான பக்கத்துல அழுத்தும், தேஞ்ச தலையக்கூட அது பல நேரம் கழத்திரும். அதனால ஒடனே போயி நல்ல கம்பெனி 12 நம்பர் ஆறு மூல சாக்கெட் ஒண்ணு, மூணு நூல், அதாவது 3/8 இஞ்ச் டிரைவ்ல வாங்குங்க. அரை இஞ்ச் டிரைவ் ராட்செட்டு தலை தடியா இருக்கும், அங்கன நொழையாது. ராட்செட்ல 72 பல்லு உள்ளதா கேளுங்க, அது 5 டிகிரி அசைஞ்சாலே அடுத்த பல்லுல புடிச்சிக்கிடும், கை அசைக்க எடமே இல்லாத எடத்துல அதுதான் காப்பாத்தும். யுனிவர்சல் ஜாயிண்ட்ட மட்டும் இந்த போல்ட்டுக்கு மாட்டாதீங்க, தேஞ்ச தலைல அது கோணலா தள்ளி மிச்சம் இருக்குத மூலையையும் எடுத்துரும். கவுல எடுத்துட்டீங்கன்னா நீள எக்ஸ்டென்ஷன மேல இருந்து நேரா எறக்கலாம், அதுதான் சரி.

மாட்டுறதுக்கு முன்னால தலையையும் அதச் சுத்தியும் கம்பி பிரஷ் போட்டு நல்லா தேயிங்க. தலைக்கு அடியில சேறும் பொடியும் இருந்தா சாக்கெட் முழுசா உக்காராது. பொறவு பெனட்ரேட்டிங் ஆயில். டபிள்யூடி-40 சாதா டப்பா ஈரத்த எடுக்க நல்லது, இதுக்குன்னு பெனட்ரண்ட்னு தனியா விக்கிறத வாங்குங்க. பழைய மெக்கானிக்குங்க ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துத எண்ணெயான ஏடிஎஃப்பையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து விடுவாங்க, அதுவும் நல்லா எறங்கும், ஆனா அசிட்டோன் பட்டுன்னு தீப்புடிக்கும், பெயிண்ட்டயும் திங்கும். எதுவா இருந்தாலும் தலைக்கு அடியில மட்டும் விட்டா பத்தாது, நீங்க முன் போல்ட்ட எடுத்த ஓட்டை வழியாவும் கேஸ்கெட் ஓரத்துலயும் விடுங்க. சாயங்காலம் விட்டுட்டு ராத்திரி விட்டுட்டு காலைல விட்டுட்டு, அப்படி ரெண்டு நாளு ஊறட்டும். அவசரப்பட்டா எண்ணெய் ஒண்ணும் செய்யாது.

ஊறும்போது ஒவ்வொரு தடவையும் தலைல தட்டு குடுக்கணும். ஒரு பித்தள பஞ்ச் இல்லன்னா தட்ட முனை உள்ள பழைய போல்ட் ஒண்ண தலை நடுவுல நேரா வச்சு, சின்ன சுத்தியல்ல டக்கு டக்குன்னு தட்டுங்க, பலமா வேண்டாம், நேரா விழணும். அந்த அதிர்வுல வெள்ளப் பொடி விரிசல் விட்டு எண்ணெய் உள்ள எறங்கும். ஹவுசிங் காது மேல அடி விழுந்தா அலுமினியம் பட்டுன்னு ஒடிஞ்சிரும், பாத்து.

பொறவு சாக்கெட்ட மாட்டி மொதல்ல கழத்தாதீங்க, ஒரு நூலிழ முடுக்குங்க. முடுக்குத பக்கம் அசையுறது தெரிஞ்சா புடி விட்டுட்டுன்னு அர்த்தம், பொறவு கழத்துத பக்கம், திரும்ப முடுக்குத பக்கம், அப்படி முன்னும் பின்னுமா, எண்ணெய் விட்டுக்கிட்டே. கால் சுத்து வந்துட்டுன்னு சந்தோசத்துல ஒரேயடியா கழத்துனா பொடி மரைக்குள்ள சேந்து திரும்ப இறுகி ஒடிஞ்சிரும். இந்த அளவு போல்ட் எம் 8, அதாவது தண்டு 8 மில்லி, மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லி. பொதுவா 20ல இருந்து 25 நியூட்டன் மீட்டருக்குள்ள முடுக்கியிருப்பாங்க, அதாவது 25 சென்டிமீட்டர் நீள ராட்செட்ல பத்து கிலோ அழுத்தம். அதுக்கு ரெண்டு பங்கு குடுத்தும் அசையலன்னா நிறுத்துங்க, பைப்ப மாட்டி நீட்டி இழுக்காதீங்க. தண்டு ரப்பர் மாதிரி மெத்துன்னு முறுக்குறது கைக்குத் தெரியும், அந்த மெத்து தெரிஞ்ச நிமிசமே கைய எடுத்துருங்க, அதுக்கு அடுத்தது ஒடியுறதுதான்.

அசையலன்னா சூடு. இதுலதான் நெறைய பேரு தப்பான எடத்த சூடாக்குதாங்க. அலுமினியம் சூட்டுல இரும்ப விட ஏறக்கொறைய ரெண்டு மடங்கு விரியும், அதனால சூடு ஹவுசிங்குக்கும் ஹெட்டுல அந்த காதுக்கும் போகணும், போல்ட்டுக்கு இல்ல. 8 மில்லி ஓட்டைக்கு 100 டிகிரி ஏத்துனா கெடைக்குத வித்தியாசம் ஒரு மில்லில நூத்துல ஒரு பங்குதான், கேக்க கொஞ்சமா இருக்கும், ஆனா பொடியோட புடி விட அது போதும். ஹீட் கன் வச்சு ஹவுசிங்க சுத்திச் சுத்தி காட்டுங்க, ஒரு சொட்டு தண்ணி வச்சா சொய்ங்னு ஓடுத சூடு வந்தா போதும். கூலண்ட் உள்ள இருந்தா சூடு ஏறவே ஏறாது, அதுக்குத்தான் வடிக்கச் சொன்னேன். சூடா இருக்கும்போது மெழுகுவத்திய போல்ட் ஓரத்துல வச்சா மெழுகு உருகி உள்ள இழுத்துக்கிடும், இது சும்மா சொல்லுதது இல்ல, நல்லா வேல செய்யும்.

கேஸ் வெல்டிங் தீயயும் புளோ லாம்ப்பையும் இந்த எடத்துல காட்டவே கூடாது. பெட்ரோல் லைன் பக்கத்துல, ஒயரிங் பக்கத்துல, அதோட அலுமினியம் செவக்காமலே 660 டிகிரிக்கு உள்ளயே உருகி ஊத்திரும், எச்சரிக்கையே குடுக்காது. அசிட்டோனோ எண்ணெயோ விட்ட எடத்த நல்லா தொடச்சு காய விட்டுட்டுத்தான் ஹீட் கன்ன எடுக்கணும். பிரேக் கிளீனர் அடிச்ச எடத்துல சூடு காட்டுறது இன்னும் மோசம், குளோரின் கலந்த வகையா இருந்தா வருத புகை நெஞ்ச அடைக்குத விஷம். பக்கத்துல தீயணைப்பான், இல்ல ஒரு வாளி மணலாவது இருக்கணும்.

தலை இப்பவே ரொம்ப போயிருந்து ஆறு மூல சாக்கெட்டும் வழுக்குதுன்னு வைங்க. அப்ப தலை எப்படி போயிருக்குன்னு பாக்கணும். துரு தின்னு மொத்த தலையும் இளைச்சிருந்தா 11 நம்பர் ஆறு மூல சாக்கெட்ட தட்டி ஏத்தலாம், நல்லா புடிக்கும். தலை அளவு அப்படியே இருந்து மூலை மட்டும் போயிருந்தா 11 ஏறாது, அடிச்சு அடிச்சு ஹவுசிங்தான் வெடிக்கும், அப்ப மூணே முக்கால் நூல் சாக்கெட், அது 11.9 மில்லி வரும், பழைய இஞ்ச் செட்டு வச்சிருக்கவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. ரெண்டும் இல்லன்னா போல்ட் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட், உள்ள பக்கம் திருகு திருகா கத்தி மாதிரி இருக்கும், கழத்துத பக்கம் திருக திருக தலையக் கடிச்சிக்கிட்டு இறுகும். என் கருத்துல இதுதான் இந்த வேலைக்கு மொத காசு போட வேண்டிய டூல். அதுல வெளிய ஆறு பட்ட வச்ச வகைய வாங்குங்க, ராட்செட் நொழையாத எடத்துல அந்த பட்டைல ரிங் ஸ்பானர மாட்டி திருகலாம். அத மாட்டும்போது தலைல எண்ணெய் இருக்கக் கூடாது, தொடச்சுட்டு, லேசா தட்டி உக்கார வச்சுட்டு, ஒரே சீரா அழுத்தம் குடுங்க, வெட்டி வெட்டி இழுக்காதீங்க.

வைஸ் கிரிப்பும் நல்லதுதான், சின்ன 5 இஞ்ச் சைஸ், ஆனா அது தலைய பக்கவாட்டுல புடிக்க எடம் வேணும். அரம் போட எடம் கெடச்சா தலைல எதிரும் புதிருமா ரெண்டு பட்ட ராவி 10 நம்பர் ஓபன் ஸ்பானர இறுக்கமா ஏத்துறதும் உண்டு. உளி வச்சு தலை ஓரத்துல ஆன்ட்டி கிளாக்குல தட்டி சுத்துறது நம்ம பழைய ஆளுங்க வித்தை, கை வாகா நின்னா அருமையா வரும், ஆனா இந்த மாதிரி உள்ளங்கை எடத்துல சுத்தியல ஓங்க முடியாது, அதனால ஒங்களுக்கு அத சொல்ல மாட்டேன்.

இதுக்கு மேலயும் வரலன்னா முறுக்கி ஒடைக்காதீங்க, நீங்களே வேணும்னு தலைய எடுத்துருங்க. இத கேட்டா பலரும் பயப்படுதாங்க, ஆனா இந்த வகை போல்ட்டுக்கு இதுதான் நல்ல வழி. ஏன்னு சொல்லுதேன். தானா ஒடியுத போல்ட் பெரும்பாலும் ஹெட்டு மொகத்தோட மட்டமாவோ உள்ளயோ ஒடியும், பொறவு புடிக்க ஒண்ணும் இருக்காது. தலைய மட்டும் நீங்க வெட்டுனீங்கன்னா ஹவுசிங் காது எவ்வளவு கனமோ அவ்வளவு நீளத்துக்கு தண்டு வெளிய நிக்கும், புடிக்க ஏதுவா. அதோட தலை போனதும் போல்ட்ல இருந்த இழுவையும் போயிரும், மரை மேல இருந்த அழுத்தம் பாதி தளந்துரும்.

தலை நடுவுல சென்டர் பஞ்ச் வச்சு ஒரு குழி போட்டு, மொதல்ல 4 மில்லி டிரில், பொறவு 8 மில்லி, அல்லது அரை மில்லி கூட. தலையோட கனம் அஞ்சர மில்லி போல இருக்கும், அவ்வளவு ஆழம் போனா தலை வளையம் மாதிரி கழண்டு வந்துரும். டிரில் பிட்ல அந்த ஆழத்துக்கு டேப்ப சுத்தி அடையாளம் வைங்க. நேரா டிரில் மெஷின் நொழையாதுன்னா ஆங்கிள் டிரில் இல்ல பிளெக்ஸிபிள் ஷாஃப்ட் வாடகைக்கு கேளுங்க, பேட்டை தொழிற்பேட்டை பக்கம் லேத் பட்டறைகள்ல விசாரிச்சா வழி சொல்லுவாங்க. முன் போல்ட் ஓட்டையிலயும் ஓஸ் வாயிலயும் துணிய அடைச்சிருங்க, இரும்புத் தூளு உள்ள போகக்கூடாது. கண்ணாடி போடாம டிரில் புடிக்காதீங்க, மொகத்துக்கு நேரா மேல இருந்து தூளு விழுகுத எடம் அது.

தலை போன பொறவு ஹவுசிங்க நெம்பித் தூக்க அவசரப்படாதீங்க. முன் போல்ட்தான் ஏற்கனவே வந்துட்டுல்லா, அதனால ஹவுசிங் இப்ப பின் தண்டு மேல கதவு கீல்ல ஆடுத மாதிரி ஆடும். மரக்கட்டை வச்சு பக்கவாட்டுல இப்படியும் அப்படியும் லேசா தட்டித் தட்டி ஆட்டுங்க, எண்ணெய் விடுங்க, மறுபடி ஆட்டுங்க. தண்டச் சுத்தி இருக்குத வெள்ளப் பொடி இந்த ஆட்டத்துல தான் நொறுங்கும். முன்னால சொன்னேனே ரெண்டு எடத்துல புடிக்கும்னு, அதுல ஒரு புடி இதோட போச்சு. ஸ்குரூ டிரைவர கேஸ்கெட் நடுவுல சொருகி நெம்புனா ஹெட்டு மொகத்துல கீறல் விழும், பொறவு எந்த கேஸ்கெட் போட்டாலும் கசியும்.

ஹவுசிங் வந்துட்டுன்னா முன்னால தண்டு நிக்கும். பல நேரம் வைஸ் கிரிப்ப போட்டு திருகுனாலே வந்துரும். மரை தெரியுதுன்னா எம் 8 நட்டு ரெண்ட ஏத்தி ஒண்ணோட ஒண்ணு இறுக்கிட்டு உள்ள இருக்குத நட்ட கழத்துத பக்கம் திருப்புங்க. அதுக்கும் வரலன்னா நட்டு வெல்டிங். தண்டு மேல ஒரு நட்ட வச்சு நடுவுல சிஓ2 வெல்டிங்ல நெரப்பச் சொல்லுங்க. ஒட்டுன நட்டு ஒரு பக்கம் ஒதவின்னா, அந்த சூடு தண்டுக்குள்ளயே எறங்கி புடிய ஒடைக்கிறது அதவிட பெரிய ஒதவி. செவப்பு போயி கொஞ்சம் ஆறுன பொறவு ஸ்பானர போட்டு முன்னும் பின்னுமா அசைக்கணும். பேட்டரி ரெண்டு வயரும் கழண்டிருக்கணும், ஆல்ட்டர்னேட்டர் சாக்கெட்டையும் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் புடுங்கிருங்க, எர்த் கிளாம்ப்ப அந்த போல்ட்டுக்கு பக்கத்துலயே எஞ்சின்ல மாட்டணும், பாடில மாட்டக் கூடாது. பெட்ரோல் வாசம் ஒரு துளி வந்தாலும் வெல்டிங் வேண்டாம்.

உள்ளயே ஒடிஞ்சிட்டுன்னா மட்டுந்தான் ஓட்டை போடுறது. ஒடிஞ்ச மொகத்த தட்டையாக்கி, சரியா நடுவுல பஞ்ச் வச்சு, 3 மில்லில ஆரம்பிங்க. கெடச்சா இடது பக்கம் சுத்துத டிரில் பிட்ட வாங்கி மெஷின ரிவர்ஸ்ல ஓட்டுங்க, பாதி ஓட்டைலயே அது கடிச்சி தண்ட வெளிய கொண்டு வந்துரும். ஈஸி அவுட்ட, அதாவது ஓட்டைக்குள்ள எறக்கி திருகி எடுக்குத டூல, நான் கடைசிக்கும் கடைசியா தான் வைப்பேன். அது கண்ணாடி கணக்கா ஒடியுத கடின இரும்பு, எடஞ்சல்ல கோணலா திருகுனா உள்ளயே ஒடியும், அதுக்கு மேல சாதா டிரில் ஏறாது, ஸ்பார்க் எரோஷன் மெஷின்ல தான் எடுக்கணும், அப்ப நெசமாவே ஹெட்ட எறக்க வேண்டியது வந்துரும். நடு தப்பாம 6.8 மில்லி வரை டிரில் போட்டுட்டீங்கன்னா மிச்ச மரைச் சுருள கொக்கி வச்சு உருவிட்டு மரை வெட்டுத எம் 8 டேப்ப ஓட்டி மரைய தொடச்சிரலாம். நடு தப்பிட்டா 8.3 மில்லி ஓட்டை போட்டு ஹெலிகாயில், அதாவது உள்ள ஏத்துத கம்பிச் சுருள் மரை. அது தப்பு ஒண்ணும் இல்ல, அலுமினியத்துல ஹெலிகாயில் மரை பழைய மரைய விட உறுதியாவே நிக்கும். ஓட்டை ஆழத்த முன் போல்ட் நீளத்த வச்சு அளந்துக்கோங்க, அதுக்கு மேல போனா பின்னால வாட்டர் ஜாக்கெட் இருக்கலாம்.

கேட்கல, ஆனா இதே எடத்துல வரக்கூடியது ரெண்டு. போல்ட் சுத்துது ஆனா வெளிய வரலன்னா தலை நல்லா இருக்கு, உள்ள மரை தான் போச்சு, தலைக்கு அடியில தட்ட ஸ்குரூ டிரைவர நெம்பிக்கிட்டே சுத்துங்க, வரும், பொறவு ஹெலிகாயில் தான். அலன் தலை (நடுவுல ஆறு மூல குழி உள்ளது) ரவுண்டா போனா டார்க்ஸ் பிட்ட, நட்சத்திர முனை உள்ளது, தட்டி எறக்குங்க, 5 மில்லி அலனுக்கு டி30, 6க்கு டி40, 8க்கு டி50.

திரும்ப மாட்டும்போது பழைய போல்ட்ட மறந்துருங்க, ரெண்டுமே புதுசு, தலைல பலத்தக் குறிக்க என்ன நம்பர் இருந்துச்சோ அதே நம்பர், 8.8ன்னா 8.8. மரை ஓட்டைக்குள்ள பொடிய மரை வெட்டுத டேப் போட்டோ, இல்ல ஒரு பழைய நல்ல போல்ட்ல நீளவாக்குல ரம்பத்தால ஒரு வெட்டு போட்டு அத ஏத்தி எறக்கியோ சுத்தம் பண்ணி காத்தடிங்க. ஹவுசிங் ஓட்டைக்குள்ளயும் வெள்ளப் பொடிய சுரண்டிருங்க. திரும்ப புடிக்காம இருக்குததுக்கு உள்ள ஆன்ட்டி சீஸ் பேஸ்ட்ட மரைலயும் தண்டுலயும் மெல்லிசா தடவுங்க, அது தடவுனா வழுக்கி கூட இறுகும், அதனால மேனுவல்ல போட்டிருக்க முடுக்குத அளவ (டார்க்) விட ஒரு கால் பங்கு கொறச்சு முடுக்குங்க. ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா. பொறவு போர் தண்ணி வேண்டவே வேண்டாம் தம்பி, கலந்து வருத கூலண்ட், இல்லன்னா கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. காத்து எடுத்துட்டு, ஃபேன் ஒரு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் வண்டிய ஓட விட்டுட்டு, கேஸ்கெட் ஓரத்துல வெள்ளத் துணிய வச்சு ஒத்திப் பாருங்க. மறுநாள் காலைல எஞ்சின் ஆறி இருக்கும்போது மூடியத் தொறந்து கூலண்ட் மட்டம் எறங்கியிருந்தா நெரப்பிட்டு, அதே துணிய இன்னொரு தடவ வைங்க.